ஈரத்தலையோடு வாசல் தாண்டாதீர்கள்: மெக்சிகோவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்துக்கு வந்த முதல் மாதத்தில் என்னை மூன்று பெண்கள் திட்டினார்கள்.

முதல் ஆள் ஒரு பாட்டி. நவம்பர் மாதம், வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்துவிட்டு, முடியை நுனியில் முடிந்துகொண்டு, மகளைப் பள்ளிக்கூடத்தில் விடக் காலை ஏழே முக்காலுக்குப் போயிருந்தேன். பேரனை விட வந்த அந்தப் பாட்டி என் தலையைப் பார்த்தார், தொட்டும் பார்த்தார். அப்புறம் தன் தோளில் கிடந்த ரெபோஸோவை எடுத்து என் தலையில் போர்த்தி, தாடைக்குக் கீழே முடிச்சும் போட்டுவிட்டார். ரெபோஸோ என்பது நம் சால்வை மாதிரி நீளமான நெய்த துணி. போர்த்திய கை ஓய்ந்த பிறகும் வாய் ஓயவில்லை. இரண்டாவது, வீட்டுக்கார அம்மா. ஒழுகும் குழாயைப் பார்க்க வந்தவர் குழாயை மறந்துவிட்டு, டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நின்ற என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது, வாரம் ஒருநாள் வீட்டு வேலைக்கு வரும் அம்மா. நான் சட்டைகளை இஸ்திரி போட்டு முடித்த கையோடு தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். அவர் ஓடி வந்து கதவைச் சாத்தினார். உள்ளே பாம்பு கீம்பு இருக்கிறதோ என்று பதறிப்போய்விட்டேன்.

அப்போது எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் இருபது வார்த்தை இருக்கும். ஆனாலும் மூன்று பேர் வாயிலிருந்தும் ஒரே சொல் வந்தது காதில் விழுந்தது: ஐரே. காற்று.

விசா, வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு பற்றியெல்லாம் சொல்லித்தர இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தக் காற்றைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் இல்லை. இங்கே ஏழு வருடம் குப்பை கொட்டியதில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

காற்று வந்து உட்காரும் இடங்கள்

'தெ வா அ தார் உன் ஐரே' என்றால் 'உனக்கு ஒரு காற்று வந்துவிடும்' என்று பொருள். காற்று அடிப்பது மட்டும் இதில் விஷயம் இல்லை. உடம்பு சூடாக இருக்கும்போது சட்டென்று குளிர் படக்கூடாது. வெந்நீரில் குளித்துவிட்டு வெளியே போவது, சூடாகக் காபி குடித்த வாயோடு குளிர்காற்றில் நிற்பது, வியர்க்க விறுவிறுக்க நடந்து வந்து குளிர்ந்த தண்ணீர் குடிப்பது, கம்பளிக்குள் தூங்கிவிட்டு எழுந்ததும் வெறுங்காலைத் தரையில் வைப்பது, எல்லாம் தப்பு. அப்படிச் செய்தால் காற்று உடம்புக்குள் புகுந்து எங்காவது உட்கார்ந்துகொள்ளும். கழுத்தில் உட்கார்ந்தால் கழுத்து திரும்பாது. முதுகில் என்றால் குனிய முடியாது. காதில் என்றால் குத்தல். முகத்தில் என்றால் வாய் கோணிவிடும்.

'முதுகுல வாயு பிடிச்சுக்கிச்சு' என்று நம் வீட்டில் சொல்வதில்லையா? அதேதான். என் அப்பத்தாவை இங்கே கொண்டுவந்து விட்டிருந்தால் மொழியே தெரியாமல் இந்தப் பெண்களோடு அரை நாள் பேசிக்கொண்டிருந்திருப்பார்.

எதிரெதிர் சன்னல்கள் வழியாக அறைக்குள் பாயும் காற்றுக்கு மெக்சிகோவில் தனிப் பெயரே உண்டு: ச்சிஃப்லோன். சென்னையில் வீட்டுத் தரகர் 'நல்லா கிராஸ் வென்டிலேஷன் சார்' என்று எதைப் பெருமையாகச் சொல்வாரோ, அது இங்கே வீட்டின் மீது ஒரு குற்றச்சாட்டு. விருந்தினர் வந்தால் முதலில் ஒரு பக்கச் சன்னலைச் சாத்திவிடுங்கள். பேருந்தில் பின்னால் இருப்பவர் உங்கள் சன்னலை மூடச் சொன்னால் சண்டைக்கு வருகிறார் என்று நினைக்க வேண்டாம், அவர் தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்.

புகுந்த காற்றை வெளியேற்றவும் வழி வைத்திருக்கிறார்கள். கண்ணாடி டம்ளருக்குள் நெருப்பைக் காட்டி முதுகில் கவிழ்ப்பார்கள். தோல் உள்ளே இழுக்கப்பட்டு வட்டமாகச் சிவந்துபோகும். வெந்தோசா என்று அதற்குப் பெயர். எங்கள் வீட்டுக்கார அம்மாவின் முதுகில் ஒருமுறை ஆறு சிவப்பு வட்டங்களைப் பார்த்தேன். ஆலங்கட்டி மழையில் நனைந்தவர் போல் இருந்தது. வலி போய்விட்டது என்று உற்சாகமாகத்தான் இருந்தார்.

இந்த ஊர் தட்பவெப்பமும் லேசுப்பட்டது இல்லை

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதற்கு முன் ஒரு டிசம்பரை இங்கே கழித்துப் பாருங்கள். குவாதலஹாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மெக்சிகோ நகரம் அதைவிட உயரம், 2,240 மீட்டர். குளிர்காலத்தில் விடியற்காலை 8, 10 டிகிரியில் நடுங்குவீர்கள், மதியம் 25 டிகிரியில் சட்டை ஒட்டும். ஒரே நாளில் ஊட்டியும் மதுரையும். இதில் பெரும்பாலான வீடுகளில் ஹீட்டர் கிடையாது, ஏசியும் கிடையாது. செங்கல் சுவர், டைல்ஸ் தரை. ஜனவரி காலையில் வெளியே போனால்தான் கொஞ்சம் கதகதப்பாக இருக்கும், வீட்டுக்குள் எலும்பு வரை குளிரும்.

அதனால் இங்கே எல்லோருக்கும் தட்பவெப்பத்தின் மேல் எப்போதும் ஒரு கண் இருக்கும். நாட்டின் வானிலை மையம் ஒவ்வொரு குளிர்முகப்புக்கும், அதாவது திரண்டு வரும் குளிர்காற்றுக்கும், எண் கொடுக்கிறது. செப்டம்பர் வாக்கில் ஒன்றில் தொடங்கி அடுத்த மே வரை எண்ணிக்கொண்டே போவார்கள். 'ஃப்ரெந்தே ஃப்ரியோ நூமெரோ 15', அதாவது 15ஆம் எண் குளிர்முகப்பு, என்று செய்தி வந்த அரை மணி நேரத்தில் பள்ளித் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில் சுவெட்டர் நினைவூட்டல்கள் வந்து குவியும். 'பிப்ரவரி பைத்தியம், மார்ச்சும் கொஞ்சம் அப்படித்தான்' என்பது இவர்கள் பழமொழி. வெயில் என்று கிளம்பினால் மழை, மழை என்று கிளம்பினால் காற்று.

குழந்தை இருக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: பள்ளிக்கு சுவெட்டர் இல்லாமல் அனுப்பினால் குழந்தைக்குக் குளிராது, உங்களுக்குத்தான் பெயர் கெடும். மதியம் அது பையில் சுருண்டு கிடந்தாலும் பரவாயில்லை, காலையில் உடம்பில் இருக்க வேண்டும். மெக்சிகோக்காரர்களே இதைக் கிண்டலடிப்பார்கள், அம்மாவுக்குக் குளிரும்போது பிள்ளை போட்டுக்கொள்ள வேண்டியதுதான் சுவெட்டர் என்று.

தலை, கால், கை

தலைக்குக் குளிப்பதை இரவு சீக்கிரமோ விடுமுறை நாள் மதியமோ வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை காலைதான் குளிப்பேன் என்று என்னைப் போல் பிடிவாதம் பிடிப்பவர்கள் ஒரு ஹேர் டிரையர் வாங்கிவிடுங்கள். நம்மூரிலும் ஈரத்தலையோடு பனியில் போகாதே என்று சொல்வார்கள்தான். ஆனால் நம் வெயிலில் தெருமுனை போவதற்குள் முடி காய்ந்துவிடும். அதனால் நமக்கு அந்தச் சொல்லை மதித்துப் பழக்கம் இல்லை. இங்கே ஈரமுடியோடு அலுவலகம் போனால் நான்கு பேராவது கேட்பார்கள். நான்கு பேரில் ஒருவர் மஃப்ளர் தருவார்.

கால் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. நாம் செருப்பை வாசலில் விட்டு உள்ளே வருகிறவர்கள், இவர்கள் வீட்டுக்குள்ளும் ஏதாவது மாட்டிக்கொண்டே இருப்பவர்கள். பாதம் வழியாகக் குளிர் ஏறும், வயிறு வலிக்கும், சளி பிடிக்கும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த பாடம். இவர்கள் வீட்டுக்குப் போய் நீங்கள் செருப்பைக் கழற்றினால், மரியாதைக்காகச் செய்கிறீர்கள் என்று புரியாது. உடனே யாராவது ஒரு ஜோடி செருப்பைத் தேடிக்கொண்டு ஓடுவார்கள். அவர்கள் உங்கள் வீட்டுக்கு வரும்போது ஷூவைக் கழற்றச் சொன்னால், வயதானவர்களுக்கு நிஜமாகவே பயம் வரும். நான் வாசலில் ஒரு கூடையில் ஐந்தாறு ஜோடி பஞ்சுச் செருப்பு வைத்திருக்கிறேன். பந்தூஃப்லாஸ் என்று கேட்டால் வாரச் சந்தையில் கிடைக்கும். நம் தரையும் சுத்தம், அவர்கள் காலும் சூடு. ஏழு வருடத்தில் நான் கண்டுபிடித்த ஒரே உருப்படியான விஷயம் இந்தக் கூடைதான்.

இனி கை. இஸ்திரி போட்ட கையைத் தண்ணீரில் நனைக்கக்கூடாது, ஃப்ரிட்ஜைத் திறக்கக்கூடாது. விரல் மூட்டுகள் வளைந்துபோகும், முகம் கோணும் என்கிறார்கள். இது நம் ஊரில் இல்லாதது, அதனால்தான் தடுக்கி விழுவோம். வீட்டு வேலைக்கு ஆள் வைத்தால் இதைப் புரிந்துகொள்வது முக்கியம். எங்கள் வீட்டுக்கு வரும் அம்மா பாத்திரம், தரை, துணி எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் இஸ்திரிப் பெட்டியை எடுப்பார். முடித்ததும் கைகளைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டு, பத்து நிமிடம் உட்கார்ந்து ஆறிவிட்டுக் கிளம்புவார். முதலில் எனக்கு இது தெரியாது. அவர் இஸ்திரியை முடித்த நேரம் பார்த்து, 'இந்த ஒரு டம்ளரை மட்டும் கழுவிடுங்களேன்' என்று நீட்டினேன். அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் வருவாரா என்றே சந்தேகமாக இருந்தது. அவரைப் பொறுத்தவரை நான் கேட்டது டம்ளரை அல்ல, அவர் விரல்களை.

தண்ணீர் கேட்பது எப்படி

கடையில் தண்ணீர் கேட்டால் 'ஃப்ரியா ஓ ஆல் தியெம்போ?' என்று திருப்பிக் கேட்பார்கள். குளிர்ந்ததா, சாதாவா? 'ஆல் தியெம்போ' என்றால் அறை வெப்பத்தில் இருப்பது. வந்த முதல் நாளே மனப்பாடம் செய்ய வேண்டிய சொல் இது. தொண்டை கரகரப்பாக இருக்கிறவர்கள் பீர் கூட ஆல் தியெம்போ கேட்பார்கள் என்று என் கணவர் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். பெரு நாட்டு லிமாவுக்கு மாற்றலாகிப் போன எங்கள் நண்பர், அங்கே கடைக்காரர் இதே கேள்வியை 'எலாதா ஓ சின் எலார்?' என்று கேட்பதாகச் சொன்னார்.

சொற்களில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன, விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'எனக்குச் சூடாக இருக்கிறது, புழுங்குகிறது' என்று சொல்ல வேண்டுமானால் 'தெங்கோ கலோர்' என்றுதான் சொல்ல வேண்டும். அகராதியைப் பார்த்து 'எஸ்தோய் கலியெந்தே' என்று சொன்னீர்களானால், உங்களுக்குக் காம வேட்கை வந்திருக்கிறது என்று அறிவிக்கிறீர்கள். அலுவலகக் கூட்டத்தில் இதைச் சொன்ன தமிழ்ப் பையன் ஒருவன் இன்னும் அந்தத் தளத்துக்கே போவதில்லை. இன்னொன்று, 'கொன்ஸ்திபாதோ'. ஸ்பெயினில் அதற்கு ஜலதோஷம் என்று அர்த்தம். லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் மலச்சிக்கல் என்று புரிந்துகொள்வார்கள். மெக்சிகோவில் ஜலதோஷத்துக்கு 'கிரிப்பா' என்று சொல்லிவிடுங்கள், வம்பில்லை.

பெரியவர்கள் 'தாப்பத்தே, மிஹா' என்பார்கள். 'போர்த்திக்கோ மகளே' என்று பொருள். வழியில் பார்க்கும் யாரோ ஒரு மூதாட்டி உங்களை மகளே என்று கூப்பிட்டு உங்கள் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிடுவார், கூச்சப்பட வேண்டாம். பதிலுக்கு 'சீ, செனோரா, அவோரீத்தா' என்றால் போதும். சரிங்கம்மா, இதோ. இந்த 'அவோரீத்தா' நம் 'இதோ வந்துட்டேன்' போன்ற சொல், உடனே என்றும் ஆகும், என்றைக்கோ என்றும் ஆகும்.

வாதாடலாமா

என் கணவர் ஒருமுறை வாதாடிப் பார்த்தார். வீட்டுக்கார அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஜலதோஷம் வருவது வைரஸால், காற்றால் இல்லை என்று தன் அரைகுறை ஸ்பானிஷில் விளக்கினார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: 'வைரஸ்தான், யார் இல்லை என்றது? அது உள்ளே வருவதற்குக் கதவைத் திறந்துவிட்டது யார்?'

இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகளே ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. 1968இல் அமெரிக்காவில் தன்னார்வலர்களின் மூக்கில் ஜலதோஷ வைரஸை விட்டுக் குளிரில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். குளிரால் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. 2005இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 180 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரின் காலைக் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் வைத்தார்கள். அடுத்த நான்கைந்து நாளில் காலை நனைத்த 90 பேரில் 13 பேர் ஜலதோஷம் என்றார்கள், நனைக்காத 90 பேரில் 5 பேர். வைரஸ் இருந்ததா என்று அவர்கள் சோதிக்கவில்லை, கேட்டு எழுதிக்கொண்டதோடு சரி. ஆக, வைரஸ் இல்லாமல் வெறும் காற்றால் ஜலதோஷம் வராது. வைரஸ் ஏற்கெனவே மூக்கில் குடியிருந்தால் குளிர் அதற்குக் கை கொடுக்கலாம். வீட்டுக்கார அம்மாவின் கதவுக் கணக்கு முழுத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. அவரிடம் இதைச் சொல்லவில்லை. ஏற்கெனவே வாடகையை ஏற்றிவிட்டார், தலைக்கனமும் ஏறிவிடும்.

உடம்பு முடியாமல் போனால்

அக்கம்பக்கத்தில் தெரிந்துவிட்டால் அடுப்புக்கு ஓய்வுதான். கால்தோ தெ போயோ என்ற கோழி ரசம் பாத்திரத்தோடு வரும். சைவக்காரர்கள் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொன்னாலும், கோழித் துண்டை மட்டும் எடுத்துவிட்டு, 'இப்போது இதில் கோழியே இல்லை' என்று வெறும் சாற்றைக் கொடுப்பார்கள். ஏமாற்று இல்லை, சாற்றை அவர்கள் கோழிக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'தே தெ கனேலா', அதாவது பட்டை போட்டுக் கொதிக்க வைத்த தேநீர், போதும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதோலே என்ற மக்காச்சோளக் கஞ்சியும் நம் வயிற்றுக்குச் சமர்த்தாக இறங்கும். பெரும்பாலும் பால் சேர்ப்பார்கள், தண்ணீரில் காய்ச்சியதும் உண்டு.

பதிலுக்கு நீங்கள் ரசம் வைத்துக் கொடுங்கள். புளி, தக்காளி, பூண்டு, மிளகு, சீரகம் எல்லாம் இங்கே எந்தச் சந்தையிலும் கிடைக்கும். அதில் தக்காளியும், தாளிக்கிற மிளகாயும் இந்த மண்ணிலிருந்துதான் உலகம் சுற்றி நம் ஊருக்கு வந்தவை. தக்காளியின் ஆங்கிலப் பெயரே இங்குள்ள நஹுவாத் மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது. நான் கொடுத்த ரசத்தை வீட்டுக்கார அம்மா ஒரு வாய் குடித்தார். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். 'இது கிரிப்பாவுக்கு' என்று தானாகவே நோயைக் கண்டுபிடித்துவிட்டார். யாரும் சொல்லித்தரவில்லை.

அப்புறம் விக்ஸ். இங்கே கடைசி எழுத்து இல்லாமல் 'விக்' என்று டப்பாவில் இருக்கும், பேச்சில் 'பிவாப்போரூ' ஆகிவிடும். நெஞ்சு, முதுகு, நெற்றி போகப் பாதத்தில் தடவிச் சாக்ஸ் மாட்டிவிடுவது இங்கத்திய முறை. பெரியவர்களுக்குச் செய்தால் செய்துகொள்ளட்டும். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு எந்த இடத்திலும் தடவ விடாதீர்கள். மூக்குக்குள் வைப்பது யாருக்குமே கூடாது.

பயந்துபோனால் 'பொலியோ' தருவார்கள். நம் காதுக்குச் சொட்டு மருந்து ஞாபகம் வரும். அது ஒரு சின்ன ரொட்டி. நிலநடுக்கம் முடிந்ததும் தெருவில் நிற்பவர்களுக்கு யாராவது இதைக் கொடுத்துச் சாப்பிடச் சொல்வார்கள். பயத்தில் வயிறு கெட்டுப்போகாமல் இருக்கவாம். எனக்கு இது பிடித்த வைத்தியம்.

எங்கே தலையாட்டக்கூடாது

மேலே சொன்னதில் பெரும்பாலானவற்றுக்குத் தலையாட்டிவிட்டுப் போகலாம், நஷ்டம் இல்லை. இரண்டு இடத்தில் மட்டும் கூடாது.

ஒன்று, வாய் கோணினால். எங்கள் குடியிருப்பில் இருந்த தமிழ் இளைஞர் ஒருவர் காலையில் வாய் கொப்புளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் இடது கண் மூடவில்லை, சிரித்தால் வாய் வலது பக்கம் மட்டும் போகிறது. அலுவலகத்தில் எல்லோரும் ஒரே குரலில், 'ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்தாய், ஐரே அடித்துவிட்டது' என்றார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் ஒரு வாரத்தில் சரியாகும் என்றார் ஒருவர், முகத்தில் தேய்க்க மூலிகைத் தைலம் கொண்டுவந்தார் இன்னொருவர். அன்பான மனிதர்கள். ஆனால் அந்த அன்பில் இரண்டு நாள் போய்விட்டது. மூன்றாம் நாள் மருத்துவர் பார்த்து, முகநரம்பு வீங்கியிருக்கிறது என்று ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். இந்த நோய்க்கு அந்த மாத்திரையை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. இவர் மயிரிழையில் தப்பித்தார், இரண்டு மாதத்தில் முகம் பழையபடி ஆனது. பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். ஆனால் வாய் கோணுவது பக்கவாதத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். கூடவே கை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் ஒத்தடம், தைலம் எதையும் யோசிக்காமல் 911க்கு அழைத்துவிடுங்கள்.

இரண்டு, காய்ச்சலில் இருக்கும் குழந்தை. குளிர் படக்கூடாது என்று இரண்டு போர்வை, குல்லா, சாக்ஸ் என்று சுற்றி வைப்பார்கள், குளிப்பாட்டவும் விடமாட்டார்கள். நம் வீட்டுப் பாட்டிகளும் அப்படியே, அதனால் நமக்கே சரி என்றுதான் தோன்றும். காய்ச்சல் உடம்பிலிருந்து வெப்பம் வெளியேற வேண்டும், லேசான துணி போதும். கைக்குழந்தைக்கு, அதுவும் மூன்று மாதத்துக்குக் கீழ் என்றால், 38 டிகிரியைத் தொட்டதும் மருத்துவரிடம் ஓடுங்கள்.

மருந்துக்கடைகளை ஒட்டியே சின்ன ஆலோசனை அறைகள் இருக்கும், மலிவான கட்டணத்தில் பொது மருத்துவர் பார்ப்பார். சாதாரணச் சளி இருமலுக்கு அது போதும். நம் ஊர் மாதிரி கடையில் நேராக ஆன்டிபயாடிக் கேட்டால் கிடைக்காது, 2010லிருந்து மருந்துச்சீட்டு கட்டாயம். அக்டோபர் வாக்கில் அரசு சுகாதார மையங்களில் ஃப்ளூ தடுப்பூசி முகாம் தொடங்கும், இலவசம். ச்சிஃப்லோனுக்குப் பயந்து சன்னலை மூடும் அக்கறையில் பாதியை இதற்குக் காட்டலாம்.

பிரசவம் இங்கே என்றால்

ஊரிலிருந்து அம்மா வர முடியாமல் போனாலும் ரொம்பக் கலங்க வேண்டாம். குவாரெந்தேனா என்று 40 நாள் கணக்கு இங்கேயும் இருக்கிறது. தாய் குளிரில் போகக்கூடாது, தலையை மூட வேண்டும், காதில் பஞ்சு, குளிர்ந்த பண்டம் தொடக்கூடாது, சூடான சாறு குடிக்க வேண்டும், வயிற்றை ஃபாஹா என்ற துணிப்பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். பத்தியச் சாப்பாட்டின் பட்டியல் மட்டும் வேறு. என் தோழிக்கு இங்கே பிரசவம் ஆனபோது மாடிவீட்டு அம்மா வந்து வயிற்றைக் கட்டிவிட்டார். திண்டுக்கல்லிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த தோழியின் தாயார், 'இன்னும் கொஞ்சம் கீழ இறக்கிக் கட்டச் சொல்லும்மா' என்று திருத்தம் சொன்னார். கட்டுப்பட்டை பற்றி மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள், சிசேரியன் என்றால் கட்டாயம் கேளுங்கள்.

எங்கிருந்து வந்தது

சூட்டுப் பண்டம், குளிர்ச்சிப் பண்டம் என்று நாம் பிரிப்பது போலவே மெக்சிகோ கிராமங்களிலும் பிரிக்கிறார்கள். தொட்டால் சுடுகிறதா என்பது கணக்கில்லை, பண்டத்தின் குணம்தான் கணக்கு. மிச்சோவாகான் மாநிலத்தில் சின்சுன்சான் என்ற ஊரில் பல்லாண்டு ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் ஜார்ஜ் ஃபாஸ்டர், இது ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த பழைய கிரேக்க வைத்தியம் என்றார். மெக்சிகோ வரலாற்றாசிரியர் அல்ஃப்ரெதோ லோபெஸ் ஆஸ்தின் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்பானியர் வருவதற்கு முன்பே இந்த மண்ணின் பூர்வகுடிகளான நஹுவா மக்களிடம் சூடு, குளிர் என்ற பிரிவு வேரோடு இருந்தது என்றார். இரண்டும் சந்தித்துக் கலந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே கிரேக்க வைத்தியம் அரபு வழியில் கிழக்கே திரும்பி நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. யுனானி என்ற பெயருக்கே கிரேக்கம் என்றுதான் பொருள்.

வேறு ஸ்பானிஷ் ஊர்களுக்குப் போகிறவர்களுக்கு

கரீபியன் பக்கமும் வெனிசுவேலா, கொலம்பியாவிலும் 'செரேனோ' என்ற சொல்லைக் கேட்பீர்கள். இரவில் இறங்கும் பனி. பொழுது சாய்ந்தால் குழந்தையின் தலையை மூடாமல் வெளியே எடுத்துப் போகக்கூடாது. மார்கழியில் நம் வீட்டில் கேட்டதுதான். புவர்த்தோ ரீக்கோவில் சூடும் குளிரும் மோதி வருவதை 'பாஸ்மோ' என்பார்கள்.

ஸ்பெயினில் ஐரேயைவிட 'கொரியெந்தே', அதாவது குறுக்குக் காற்று, பெயர்பெற்றது. கோடையில் அங்கே நீச்சல் குளத்துக்குப் போகிறவர்கள் 'கோர்த்தே தெ திஹெஸ்தியோன்' என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகாமல் தண்ணீரில் இறங்கினால் செரிமானம் அறுந்துபோகும் என்று தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளைக் கரையில் உட்கார வைத்திருக்கிறார்கள். செரிமானம் அறுவதில்லை. வெயிலில் கொதித்த உடம்போடு குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று குதித்தால் இதயமும் மூச்சும் தடுமாறி மயக்கம் வரலாம், அது நிஜம். காலை, கையை, பிடரியை நனைத்துக்கொண்டு மெதுவாக இறங்குங்கள். உங்கள் பிள்ளை மட்டும் சாப்பிட்டவுடன் குதித்தால் மற்ற பிள்ளைகள் எல்லாம் தங்கள் அம்மாவைப் பார்ப்பார்கள், அந்த அம்மாக்கள் எல்லாம் உங்களைப் பார்ப்பார்கள்.

அங்கே ஒரு பழமொழியும் உண்டு: மே மாதம் 40ஆம் தேதி வரை மேலங்கியைக் கழற்றாதே. மே மாதத்துக்கு ஏது 40ஆம் தேதி என்று நானும் முழித்தேன். மே 31ஐத் தாண்டி எண்ணிக்கொண்டே போக வேண்டும், ஜூன் 9 வரும். மாட்ரித்துக்குப் போகிறவர்கள் சுவெட்டரைப் பெட்டியில் மடித்து வைக்க வேண்டிய தேதி அது.